ஆய்விதழ்களும் நடுவர் தேர்வும் — ஒரு விமர்சன நோக்கு

ஆய்வுக் கட்டுரையொன்று அச்சேறுவதற்கு முன்னர் அத்துறையில் வல்லார் இருவர் அல்லது மூவரின் பார்வைக்கு அனுப்பப்படுகின்றது. அவர்கள் பெரும்பாலும் தம் பெயர் மறைத்துத் தரும் கருத்துரைகளின் பேரில் இதழாசிரியர் அதனை ஏற்கின்றார், அல்லது திருத்தி அனுப்புமாறு கேட்கின்றார், அல்லது மறுக்கின்றார். ஒப்பார் மதிப்பீடு எனப்படும் இம்முறைமை இன்று பல்கலைக்கழக உலகில் ஏறத்தாழ ஒரு சமயச் சடங்கின் தகுதியைப் பெற்றுவிட்டது. பதவியுயர்வு, ஆய்வு நிதி, புலமைப்பரிசில் முதலிய யாவும் ‘மதிப்பீட்டுக்குட்பட்ட இதழ்’ என்ற அடைமொழியைச் சுற்றியே சுழல்கின்றன. இம்முறைமை பற்றி எழுந்துள்ள விவாதங்களுட் பெரும்பாலானவை மதிப்பீட்டாளரின் பெயர் மறைக்கப்பட வேண்டுமா, கட்டுரையாளரின் பெயரும் மறைக்கப்பட வேண்டுமா என்ற வினாக்களோடு அமைந்துவிடுகின்றன. மதிப்பீட்டாளர் எவ்வாறு தெரியப்படுகின்றார், அவரைத் தெரிபவர் யாருக்குப் பொறுப்புக் கூறுகின்றார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயின், ஒரு கட்டுரையின் விதி மதிப்பீட்டாளர் பேனாவைக் கையிலெடுப்பதற்கு முன்னரே, அவருடைய பெயரை இதழாசிரியர் தெரிந்தெடுக்கும் வேளையிற் பெரிதும் நிர்ணயிக்கப்பட்டு விடுகின்றது என்பதே இம்முறைமையின் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்குப் புலனாகும் உண்மையாகும்.

இவ்வரலாறு பற்றி வழங்கும் ஐதிகமொன்றை முதலில் விலக்க வேண்டியுள்ளது. 1665ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளரான ஹென்றி ஓல்டன்பேர்க் ‘பிலோசொபிக்கல் ட்ரான்சக்சன்ஸ்’ என்னும் இதழைத் தொடக்கிய நாள் முதலே ஒப்பார் மதிப்பீடு நிலவி வருவதாகப் பலர் எழுதியுள்ளனர். சங்கத்தின் உறுப்பினர் சிலர் இதழைப் பார்வையிட்ட பின்னரே அச்சிட அனுமதிக்கப்படும் எனச் சங்கத்தின் பேரவை விதித்தது உண்மையே. ஆனால் அது அச்சனுமதி பற்றிய ஏற்பாடு. இன்று கருதப்படும் மதிப்பீடு அன்று. எதனை வெளியிடுவது, எதனை விடுப்பது என்பதை ஓல்டன்பேர்க் தாமே தீர்மானித்தார். 1752இல் சங்கம் இதழின் பொறுப்பைத் தானே ஏற்றுக் கட்டுரைக் குழுவொன்றை நிறுவியது. அக்குழுவும் வாக்கெடுப்பின் மூலம் முடிவு செய்ததேயன்றிக் காரணம் கூறும் கடமையை ஏற்கவில்லை. வெளியார் ஒருவரிடம் எழுத்து மூலமான அறிக்கை கேட்கும் வழக்கம் ஓல்டன்பேர்க்கிற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளின் பின்னரே தோன்றியது.

அதன் தோற்றமே ஒரு பிணக்கோடு தொடங்கியமை சுவையானது. 1832இல் வானியலாளர் யோர்ஜ் எயறி, பூமியினதும் வெள்ளியினதும் இயக்கங்களிற் காணப்படும் நீண்டகால ஒழுங்கின்மை பற்றி எழுதிய கட்டுரை வில்லியம் ஹுவெல், யோன் வில்லியம் லபொக் ஆகிய இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டுரையின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்துப் பாராட்டுவதே அறிக்கையின் பணியென ஹுவெல் கருதினார். லபொக்கோ கணிப்பு முறையிற் காணப்பட்ட குறைகளைச் சுட்டிக்காட்டவே முனைந்தார். கடிதப் போக்குவரத்தின் பின்னரே கூட்டறிக்கை ஒன்று உருவாயிற்று. அவ்வறிக்கை இருவரின் பெயரையும் தாங்கி வெளியாகியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெயர் கூறிப் பகிரங்கமாகப் பேசுவதே தொடக்க நோக்கமாயிருந்தது. இரகசியம் பின்னர் வந்து சேர்ந்தது. அது வந்து சேர்ந்த வேகமோ வியப்பூட்டுவது. சில ஆண்டுகளிலேயே அறிக்கைகள் குழுவின் பெட்டகத்துள் முடங்கின.

அப்பெட்டகத்துள் என்ன நிகழக்கூடும் என்பதற்கு யோன் யேம்ஸ் வோட்டர்ஸ்ரனின் கதை தக்க சான்றாகும். இவர் பம்பாயிற் கிழக்கிந்தியக் கம்பனியின் கடற்படைப் பயிலுநருக்குக் கற்பித்து வந்த ஸ்கொற்லாந்தியர். வாயுவொன்றின் வெப்பநிலை அதன் மூலக்கூறுகளுடைய வேகத்தின் வர்க்கத்தோடு தொடர்புற்றது என்பதையும், கலப்பு வாயுக்களில் மூலக்கூறுகளின் திணிவுக்கும் வேகத்துக்குமிடையே நிலவும் உறவையும் விளக்கி 1845இல் றோயல் சங்கத்துக்கு நீண்ட கட்டுரை ஒன்றை அனுப்பினார். பின்னாளில் குளோசியஸ், மக்ஸ்வெல் முதலியோரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் வாயுக்களின் இயக்கக் கொள்கையின் மையக் கருத்துக்கள் அதில் இருந்தன. கட்டுரை மதிப்பீட்டாளர் இருவரிடம் சென்றது. ஒருவர் பேடன் பவெல்; மற்றையவர் முன்னர் எயறியின் கட்டுரையை ஆராய்ந்த அதே லபொக். முன்னவர் அதன் அடிப்படை வெறும் கருதுகோளே என்றார். பின்னவர் அது முழுதும் அபத்தம், சங்கத்தின் அவையில் வாசிக்கவும் தகுதியற்றது எனத் தீர்ப்பளித்தார். ஆயினும் 1846இல் அது அவையில் வாசிக்கப்பட்டது. சுருக்கமொன்று மட்டுமே அச்சாகியது. வாசிக்கப்பட்ட கட்டுரை சங்கத்தின் உடைமை என்பது விதி. தம்மிடம் படியொன்று வைத்திராத வோட்டர்ஸ்ரனுக்கு அது மீளக் கிடைக்கவேயில்லை. 1883இல் அவர் மறைந்தார். 1891இல் சங்கத்தின் செயலாளராயிருந்த றேலி பிரபு சுவடிக் காப்பகத்தில் அக்கட்டுரையைக் கண்டெடுத்து மறு ஆண்டில் தமது முன்னுரையோடு வெளியிட்டார். இடையிற் கழிந்தவை 46 ஆண்டுகள்.

இக்கதையை மதிப்பீட்டாளர் இருவரின் மடமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறி முடிப்பது வழக்கம். அது போதாது. லபொக் அறிவிலி அல்லர். கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்தவர். எயறியின் கணிப்பிலே குறை காணும் அளவுக்கு நுட்பமுடையவர். வெப்பத்தை ஒருவகைப் பாய்பொருளாகக் கருதிய கொள்கையின் செல்வாக்கு நீங்காதிருந்த காலத்தில், அச்சூழலிற் பயின்ற ஒருவரிடம் அச்சூழலையே மறுக்கும் கட்டுரை ஒப்படைக்கப்பட்டது. தவறு நேர்ந்த இடம் லபொக்கின் மேசையன்று. அவருடைய பெயரைத் தெரிந்த குழுவின் மேசையே. சங்கத்தின் உள்வட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தேடும் எண்ணமே அக்குழுவுக்கு எழவில்லை.

இன்னும் கவனத்துக்குரியது றேலி பிரபு இச்சம்பவத்திலிருந்து பெற்ற படிப்பினை. பெயர் அறியப்படாத ஆசிரியரின் துணிவான ஊகங்கள் விஞ்ஞானச் சங்கங்களினூடாகவன்றி வேறு வழிகளில் உலகின் முன் வைக்கப்படுதல் நன்று என்றும், பெருஞ்சாதனைக்குத் தம்மிடம் ஆற்றல் உண்டென நம்பும் இளம் ஆய்வாளர் முதலிற் சிறிய, எளிதில் மதிப்பிடத்தக்க ஆய்வுகளால் நன்மதிப்பைத் தேடிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதினார். வோட்டர்ஸ்ரனுக்கு நீதி வழங்கிய அதே கையே இதனையும் எழுதியது! நிறுவனம் தவறிழைத்தது, திருந்துமாறு அறிவுரை பெற்றதோ இளைஞன். பல்கலைக்கழகங்களிலே புதிதாக எழுதப் புகுவோருக்கு இன்றும் கூறப்படும் அறிவுரை இதனின்று அதிகம் வேறுபட்டதன்று.

இனி, தேர்வு நன்கமைந்தால் என்ன விளையும் என்பதற்கும் ஒரு சான்றைக் காணலாம். 1936இல் அல்பேர்ட் ஐன்ஸ்ரைனும் நேதன் றோசனும் ஈர்ப்பலைகள் உண்டா என்னும் வினாவை ஆராய்ந்து, இல்லை என்ற முடிவுக்கு வந்து, அமெரிக்காவின் ‘பிஸிக்கல் றிவியூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினர். இதழாசிரியர் யோன் ரேற் அதனை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்பி, அவர் தந்த பத்துப் பக்க விமர்சனத்தை ஐன்ஸ்ரைனுக்குத் தெரிவித்தார். ஐன்ஸ்ரைன் சினங்கொண்டார். கட்டுரையை அச்சிடவே அனுப்பியதாகவும், அச்சாகுமுன் அதனை வல்லுநர் எவருக்கும் காட்டத் தாம் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் எழுதிக் கட்டுரையை மீளப் பெற்றுக்கொண்டார். ஜேர்மனிய இதழ்களில், ஆசிரியர் குழுவின் சொந்தத் தீர்ப்பையே பெரிதும் நம்பிய மரபிற் பழகியவருக்கு அந்த நடைமுறை அவமதிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் கூறியதே சரி. ஐன்ஸ்ரைன் தடையெனக் கருதியது தெரிவுசெய்யப்பட்ட ஆள்கூறுகளின் விளைவேயன்றி இயற்கையின் இயல்பு அன்று. அம்மதிப்பீட்டாளர் ஹவார்ட் பேர்சி றொபேட்சன். பிரின்ஸ்ரனில் ஐன்ஸ்ரைனின் உதவியாளராயிருந்த லியோபோல்ட் இன்பெல்டுடன் உரையாடிய வேளை அவர் தவறை விளக்கினார். தாமே அக்கட்டுரையை மதிப்பிட்டவர் என்பதை வெளியிடவில்லை. 1937இல் பிராங்க்ளின் நிறுவக இதழில் அக்கட்டுரை வெளிவந்தபோது அதன் முடிவு தலைகீழாக மாறியிருந்தது. 2015இல் ஈர்ப்பலைகள் நேரடியாகவே பதிவுசெய்யப்பட்டன.

வோட்டர்ஸ்ரனின் கட்டுரையும் ஐன்ஸ்ரைனின் கட்டுரையும் ஒரே வகையான முறைமையினூடாகவே சென்றன. இரண்டிலும் மதிப்பீட்டாளரின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது; இரண்டிலும் ஆசிரியரின் பெயர் வெளிப்படையாக இருந்தது. வேறுபாடு தேர்வில் மட்டுமே. ரேற் தெரிந்த றொபேட்சன் சார்புக் கொள்கையின் கணிதத்தில் ஆழ்ந்தவர். ஐன்ஸ்ரைனின் புகழ் கண்டு பின்வாங்காதவர். அவரைத் தாழ்த்துவதால் தாம் பெறுவதற்கு ஏதுமற்றவர். இம்மூன்று தகைமைகளும் ஒருங்கே அமைந்த ஒருவரைக் காண்பதே இதழாசிரியரின் கலை. அக்கலை எவ்விதியேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்முறைமை பொதுமையடைந்தமைக்குப் புலமைசார் காரணங்களோடு பொருளியற் காரணங்களும் உள. துறைகள் கிளைத்துப் பெருகியபோது எந்த இதழாசிரியரும் தம் இதழின் எல்லா விடயங்களையும் அறிந்திருத்தல் இயலாதாயிற்று. மறுபுறத்தில், ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வுக்காக அரச பணம் பெருமளவிற் செலவிடப்பட்டதால் 1975இல் காங்கிரஸ் அவையில் விசாரணைகள் எழுந்தன. பணம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்று கேட்ட அரசியலாளருக்கு விஞ்ஞானிகள் காட்டிய விடை ஒப்பார் மதிப்பீடே. அதற்கு முன்னர் அது எல்லா இதழ்களுக்கும் இன்றியமையாததாகக் கருதப்படவில்லை. 1953இல் வட்சனும் கிறிக்கும் மரபணுப் பொருளின் அமைப்பைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை வெளி மதிப்பீட்டுக்கு அனுப்பப்படாமலே அச்சாகியது. அவ்விதழ் மதிப்பீட்டை ஒழுங்கான விதியாக்கியது 1973இலேதான்.

முறைமை பொதுமையடைந்த கையோடு அதனைச் சோதிக்கும் முயற்சிகளும் தோன்றின. 1982இல் டக்ளஸ் பீற்றர்ஸ், ஸ்ரீபன் செசி என்னும் உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகின்றது. புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தவர் எழுதி ஏற்கெனவே வெளியான 12 கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் கற்பனைப் பெயர்களாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்கு மீண்டும் அனுப்பினர். மூன்று கட்டுரைகளே இனங்காணப்பட்டன. எஞ்சிய 9இல் 8 நிராகரிக்கப்பட்டன. பெரும்பாலும் கூறப்பட்ட காரணம் ஆய்வு முறையியலிற் பாரிய குறைபாடுகள் என்பது. நிறுவனத்தின் பெயர் மறைந்ததும் குறைகள் தோன்றிவிட்டன என்று பலர் முடிவு செய்தனர். இம்முடிவு அவசரமானது. அவ்விதழ்கள் வழமையாகவே பெரும்பான்மையான கட்டுரைகளை மறுப்பவை. ஆகவே மூலப் பெயர்களோடு அனுப்பினும் இரண்டாம் முறை அவை தப்பியிருக்குமா என்பது ஐயமே. ஆய்வு காட்டியது பாரபட்சத்தையா, அன்றி வெறும் தற்செயலையா என்பதை ஒப்பீட்டுக் குழு ஒன்றின்றிப் பிரித்தறிய இயலாது.

அவ்வொப்பீடு 2022இற் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வேர்னன் ஸ்மித்தும் அதிகம் அறியப்படாத இளம் ஆய்வாளர் சபியூ இனுவாவும் இணைந்தெழுதிய ஒரே கட்டுரை, 3,300க்கு மேற்பட்ட ஆய்வாளருக்கு மூன்று விதமாக அனுப்பப்பட்டது. ஸ்மித்தின் பெயரைக் கண்டோருள் 23 வீதத்தினரும், பெயரெதுவும் காணாதோருள் 48 வீதத்தினரும், இனுவாவின் பெயரைக் கண்டோருள் 65 வீதத்தினரும் அதனை நிராகரிக்குமாறு பரிந்துரைத்தனர். எழுத்தொன்றும் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. இவ்வாய்விற் பலர் கவனியாது விடும் செய்தி மற்றொன்று: மதிப்பிட வருமாறு விடுத்த அழைப்பை ஏற்றோர் தொகையும் ஸ்மித்தின் பெயர் காட்டப்பட்டபோதே கூடியிருந்தது. அதாவது, புகழ் தீர்ப்பை மட்டும் பாதிப்பதில்லை. தீர்ப்பளிக்க முன்வருவோர் யாவர் என்பதையும் அதுவே தெரிந்துவிடுகின்றது.

இன்றைய இதழ்களில் தேர்வு எவ்வாறு நடைபெறுகின்றது? இதழாசிரியர் தம் அறிமுகத்தில் உள்ளோரை எண்ணிப் பார்க்கின்றார். கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலைப் புரட்டுகின்றார். தரவுத் தொகுதியொன்று தரும் பெயர்களைப் பார்க்கின்றார். அழைக்கப்பட்டோருட் பலர் மறுக்கின்றனர், சிலர் மறுமொழியும் தருவதில்லை. அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மதிப்பீட்டாளர் 10 கோடி மணித்தியாலங்களுக்கு மேற் செலவிட்டனர் என ஓர் ஆய்வு கணித்துள்ளது. பெரும்பாலும் கூலியற்ற இவ்வுழைப்பின் பயனாய இதழ்களை வணிக வெளியீட்டகங்கள் அதே பல்கலைக்கழக நூலகங்களுக்கு விலைக்கு விற்கின்றன. இத்தகைய உற்பத்தி உறவில், களைத்துப்போன இதழாசிரியர் இலகுவான வழியொன்றை நாடினார்: தம்மை மதிப்பிடத் தக்கவர் யாவர் எனக் கட்டுரையாளரையே கேட்டார்.

விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. 2012இல் தென்கொரிய ஆய்வாளர் ஒருவர், மெய்யான அறிஞரின் பெயரிலும் புனைந்த பெயர்களிலும் மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, அவற்றையே மதிப்பீட்டாளரின் முகவரிகளாகப் பரிந்துரைத்துத் தம் கட்டுரைகளைத் தாமே மதிப்பிட்டமை வெளியாயிற்று. அவர் தம்மையே அளவுக்கு மீறிப் புகழவில்லை; சிறு திருத்தங்களும் கேட்டார். ஐயத்தைக் கிளப்பியது அறிக்கைகள் 24 மணித்தியாலத்துள் வந்து சேர்ந்தமையே. மெய்யான மதிப்பீட்டாளர் அவ்வளவு விரைவாக எழுதுவதில்லை என்பதை இதழாசிரியர் அறிந்திருந்தார். அவருடைய 28 கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. 2014இல் அதிர்வியல் இதழொன்று 60 கட்டுரைகளை மீளப்பெற்றது; அவ்விவகாரத்தில் தாய்வானின் கல்வியமைச்சர் பதவி துறந்தார். 2017இல் புற்றுநோயியல் இதழொன்று ஒரே தடவையில் 107 கட்டுரைகளை மீளப்பெற்றது. 2023இல் வைலி நிறுவனத்துக்குச் சொந்தமான ஹிந்தாவி இதழ்களில் மீளப்பெறப்பட்டவை 8,000க்கு மேல். இவற்றுட் பெரும்பாலானவை விருந்தினர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட சிறப்பிதழ்களில் வெளிவந்தவை. இவற்றைத் தனிமனிதரின் மோசடி என்று கண்டிப்பதோடு வெளியீட்டகங்கள் அமைதியடைந்தன. ஆனால் போலி மதிப்பீட்டாளர் கதவை உடைத்து நுழையவில்லை. தேர்வு என்னும் பொறுப்பை இதழாசிரியர் கைவிட்ட இடத்திலே, திறந்திருந்த கதவினூடாகவே வந்தார்.

சீர்திருத்தங்கள் இல்லாமலில்லை. பிரித்தானிய மருத்துவ இதழ் 1999இல் மதிப்பீட்டாளர் தம் பெயரை ஆசிரியருக்கு வெளிப்படுத்தும் முறையைச் சோதித்தது. அறிக்கைகளின் தரம் உயரவுமில்லை, தாழவுமில்லை; மதிப்பிட மறுப்போர் தொகையே கூடியது. 2025 முதல் ‘நேச்சர்’ தான் ஏற்கும் புதிய ஆய்வுக் கட்டுரைகளோடு மதிப்பீட்டாளரின் கருத்துரைகளையும் ஆசிரியரின் மறுமொழிகளையும் வெளியிடுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், ஏற்கப்பட்டவற்றின் கோவையே இங்கு திறக்கப்படுகின்றது. வோட்டர்ஸ்ரனின் கோவை இம்முறையிலும் மூடியே கிடந்திருக்கும். கருத்துரை வெளியாகின்றது, ஏன் இவர் தெரியப்பட்டார், எத்தனை பேர் மறுத்த பின்னர் இவரிடம் வந்தது, இவர் பெயரைக் கட்டுரையாளரே தந்தாரா என்பன வெளியாவதில்லை.

தேர்வின் இம்முதன்மையைப் பழந்தமிழ்க் கதையொன்று தன் போக்கில் உணர்ந்திருந்தது. இறையனார் களவியலுக்குப் புலவர் பலரும் உரை கண்டபோது, எவ்வுரை மெய்யுரை எனக் காண்பதற்குரிய அளவுகோல் யாது என்பதை அக்கதை விரித்துரைப்பதில்லை. காரணிகன் யார் என்பதே அதன் கவலை. ஐந்து வயதுடைய, வாய் பேசாத உருத்திரசன்மன் தெரியப்படுகின்றான். அவன் எவருடைய மாணாக்கனும் அல்லன், எப்பதவியையும் நாடுபவனும் அல்லன். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் வார்ந்தமையே தீர்ப்பாயிற்று. நலன் சாராத நடுவன் என்ற வகையில் அவன் குறையற்றவன். ஆனால் தோற்ற புலவருக்கு அவன் காரணம் எதனையும் கூறவில்லை என்பதும் நோக்கற்பாலது.

தமிழில் எழுதப்படும் ஆய்வுக்கு உருத்திரசன்மர் கிடைப்பதில்லை. இலங்கையின் தமிழியல் ஆய்வுகளிலே, குறிப்பாக ஒரு பிரதேசத்தின் கூத்து மரபு, கல்வெட்டு, கிளைமொழி போன்ற விடயங்களில், மதிப்பிடும் தகைமை உடையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருள் ஒருவர் கட்டுரையாளரின் ஆசிரியராயிருப்பார். இன்னொருவர் அதே பதவிக்கு விண்ணப்பிப்பவராயிருப்பார். இருபக்கமும் பெயரை மறைத்தாலும் தலைப்பும் களமும் நடையும் ஆளைக் காட்டிவிடும். இதற்கு அஞ்சித் தமிழறியாத வெளிநாட்டு வல்லுநரிடம் அனுப்பினால், ஆங்கிலத்தில் வெளியான நூல்களைக் கட்டுரையாளர் எடுத்தாளவில்லை என்ற குறையே முதலிற் கூறப்படும். தமிழ் மூலங்களை அவர் எவ்வாறு கையாண்டார் என்பது மதிப்பிடப்படாமலே போகும். சிறு துறையொன்றிற் பெயர் மறைப்பு, நடுநிலையைப் பேணுவதைவிட, எல்லாரும் அறிந்த ஒன்றை எவரும் பேசாதிருக்கும் வாய்ப்பையே பெரிதும் வழங்குகின்றது. பழிதீர்க்கும் அறிக்கைக்கும் கைம்மாறாக எழுதிய பாராட்டுக்கும் அது ஒரே அளவில் நிழல் தருகின்றது. பதவியுயர்வுக்கான புள்ளிகள் இவ்வறிக்கைகளிற் தங்கியிருக்கும்போது இதனைச் சிறு விடயமாகத் தள்ளிவிட முடியாது.

ஐன்ஸ்ரைனின் கட்டுரையை மதிப்பிட்டவர் றொபேட்சனே என்பது 2005இல் உறுதியாயிற்று. அதனை உறுதிப்படுத்தியது எவருடைய நினைவுக் குறிப்பும் அன்று. ‘பிஸிக்கல் றிவியூ’ அலுவலகத்தில் எஞ்சியிருந்த பதிவேடு. கட்டுரை வந்த திகதி, யாருக்கு அனுப்பப்பட்டது, எப்போது திரும்பியது என்ற விபரங்கள் அதில் இருந்தன. அத்தகைய ஏடொன்றைப் பேணப் பெரிய வெளியீட்டகம் தேவையில்லை. பீடமொன்றின் இதழுக்கும் அது இயலும். மதிப்பீட்டாளர் தெரியப்பட்ட காரணத்துக்கு அதில் ஒரு நிரலும், கட்டுரையாளரோடு அவருக்குள்ள உறவுக்கு இன்னொரு நிரலும் சேர்க்கலாம். மறுக்கப்பட்ட கட்டுரைகளையும் உட்படுத்தி, பெயர் நீக்கிய தொகுப்பொன்றை ஆண்டு தோறும் இதழின் இறுதிப் பக்கத்தில் அச்சிடலாம். ஏட்டினைக் குறித்த ஆண்டுகளின் பின் நூலகத்தில் ஆய்வாளருக்குத் திறந்துவிடலாம்.